பழைய மழைமானியா, தானியங்கி நிலையமா?

கொங்கு நாட்டு மழையை ஆராய்பவர் முன் இரண்டு வகைத் தரவுகள் இருக்கின்றன. ஒன்று, ஆள் நின்று அளந்து குறித்த நெடுங்காலப் பதிவு. மற்றொன்று, தானியங்கி வானிலை நிலையங்களின் பதிவு.

முன்னதன் பலம் அதன் நீளம். காலநிலைச் சராசரி காணவே 30 ஆண்டுத் தரவு வேண்டும். தற்போதைய அடிப்படைக் காலம் 1991–2020. காலை 8.30 மணிக்கு அளக்கும் வழக்கம் தொடர்வதால் அன்றைய மழையையும் இன்றைய மழையையும் நம்பி ஒப்பிடலாம்.

ஆனால் வால்பாறையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, மலையின் மழைமறைவில் உள்ள பல்லடம் காய்ந்து கிடக்கும். கோயம்புத்தூரின் ஒரே பதிவைக் கொண்டு பொள்ளாச்சித் தென்னைக்கும் தாராபுரம் மானாவாரிக்கும் முடிவு சொல்வது உழவருக்குச் செய்யும் அநீதி. இங்கேதான் தானியங்கி நிலையங்கள் அவசியமாகின்றன. ஈரப்பதத்தை மணிக்கு மணி தருவதால், சின்ன வெங்காயத்தில் இலைநோய் பரவும் சூழலை முன்கூட்டியே கணிக்கலாம்.

அவற்றின் குறையும் சிறிதல்ல. அவற்றில் உள்ள சாய்கிண்ண மழைமானி, சிறு கிண்ணம் நிரம்பிச் சாயும் தடவைகளை எண்ணி மழையை அளப்பது; கனமழையில் அது குறைத்துக் காட்டும். புனலை இலைச்சருகு அடைத்தால் பெய்த மழையைச் சுழியம் என்றே பதியும். விடுபட்ட நாள் கண்ணில் படும். பொய்ச் சுழியம் படாது!

பருவமழை மாற்றத்தை ஆராயப் பழைய பதிவையே தேர்வேன். விதைப்புக்கும் மருந்தடிப்புக்கும் தானியங்கியை. தானியங்கி வந்ததும் பழைய மழைமானியைப் பிடுங்கிவிடக் கூடாது. சில ஆண்டுகளாவது இரண்டையும் அருகருகே இயக்கி வேறுபாட்டைக் கணக்கிட வேண்டும்.