மெட்ஃபார்மின் எஸ்.ஆர். மாத்திரை: நான்கு மாத அனுபவம்

சர்க்கரை நோய் உறுதியானதும் எனக்கு முதலில் எழுதித் தரப்பட்டது சாதாரண மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், காலையும் இரவும். மருந்துக் கடையில் உறையின் மேல் 1-0-1 என்று மட்டும் எழுதித் தந்தார்கள். சாப்பாட்டோடு போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வெறும் வயிற்றில் விழுங்கியதால் மூன்றாம் நாளே வயிறு இரைந்து, வேலைக்குப் போகும் பேருந்திலிருந்து பாதி வழியில் இறங்கிக் கழிப்பறை தேடும்படி ஆயிற்று. உணவோடு சேர்த்துப் போட்ட பிறகு குமட்டல் குறைந்தது, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

மருந்தை நானாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொன்னேன். அவர் மாற்றித் தந்ததுதான் எஸ்.ஆர். என்று அட்டையில் குறித்திருக்கும், மெதுவாகக் கரையும் மாத்திரை. இது வயிற்றில் நீரை உறிஞ்சிக் கூழ்போல் உப்பி, மருந்தைப் பல மணி நேரம் சிறிது சிறிதாக விடுவதால், குடல் ஒரே நேரத்தில் முழு அளவையும் தாங்க வேண்டியிருப்பதில்லை. இரவுச் சாப்பாட்டோடு ஒன்று என்று தொடங்கி, இரண்டு வாரம் கழித்தே அளவைக் கூட்டினார். பத்து நாளில் வயிற்றுப்போக்கு நின்றது. சர்க்கரை அளவும் முன்போலவே கட்டுக்குள் இருக்கிறது. வாயில் லேசான உலோகச் சுவையும், பரோட்டா, பஜ்ஜி சாப்பிட்ட இரவுகளில் உப்புசமும் இன்னும் உண்டு.

குறைகளையும் சொல்ல வேண்டும். மாத்திரை நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதால் ஒரு தம்ளர் தண்ணீர் இல்லாமல் இறங்காது. உடைத்தோ மென்றோ விழுங்கினால் மெதுவாகக் கரையும் தன்மை போய்விடும். அட்டையைப் பிரிக்கும்போது மெல்லிய மீன் வாடை வரும். அது கெட்டுப்போன மருந்து என்று நான் முதலில் பயந்தேன், ஆனால் மெட்ஃபார்மினுக்கே உள்ள வாடை அது. சில நாள் மலத்தில் மாத்திரையின் கூடு அப்படியே தெரியலாம். மருந்து அதற்குள் உடலில் சேர்ந்துவிட்டிருக்கும் என்பதால் இன்னொன்று போடக் கூடாது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம். வாந்தியும் பேதியும் அதிகமாகி உடல் வறண்டால் அன்றே அவரிடம் பேசுங்கள். நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பதால், அடுத்த ரத்தப் பரிசோதனையில் அதையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.