போர்டு ஃபிலிம் அடிக்க எப்சன் எல்130: முதலில் மையைப் பாருங்கள்

செங்கோட்டையில் ஆம்ப்ளிஃபையர் சர்வீஸ் பண்ணுகிறேன். தென்காசி, புனலூர் பக்கத்து சவுண்ட் சர்வீஸ்காரர்கள் கேட்கிற டோன் கண்ட்ரோல் சர்க்யூட் போர்டுகளை, செம்புப் பரப்பின் மேல் டிரை ஃபிலிம் (ஒளி பட்டால் மாறும் மெல்லிய படலம்) ஒட்டி வீட்டிலேயே எடுக்கிறேன். அதன் மேல் வைத்து ஒளியை மறைக்கும் மாஸ்க்கை, அதாவது சர்க்யூட் படம் அச்சிட்ட தெளிவான ஷீட்டை, அடிப்பது எப்சன் எல்130 இங்க்ஜெட் பிரிண்டரில்தான். ஸ்கேனர் கிடையாது, வைஃபை கிடையாது. ஆனால் கறுப்பு கெட்டியாக விழுகிறது, எனக்கு வேண்டியது அதுதான்.

டிரை ஃபிலிம் நெகட்டிவ் வகை. புற ஊதா ஒளி பட்ட இடம் இறுகி நிற்கும்; படாத இடம் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் மாஸ்க்கில் டிராக் (மின்சாரம் ஓடும் செம்புக் கோடு) வரும் இடம் மட்டும் தெளிவாக இருக்கும், மீதியெல்லாம் கறுப்பு. அவ்வளவு பெரிய பரப்பில் லேசர் டோனர் சீராகப் படியாமல் ஊசிக்கண் ஓட்டைகள் விழும். அதன் வழியே ஒளி போனால், வேண்டாத செம்பை அரித்தெடுத்த பிறகும் டிராக்குகளுக்கு நடுவே செம்புத் துணுக்கு நிற்கும். லேசரின் சூட்டில் ஷீட் அளவும் லேசாக மாறும். டபுள் சைடு போர்டில் இரண்டு பக்கத் துளையும் ஒத்துவராது.

எல்130க்கு ஊற்றும் 664 மையில் நான்கு நிறமும் டை (கரைந்த சாயம்) வகை. மாஸ்க் அடிக்கும், கோட்டிங் உள்ள இங்க்ஜெட் ஃபிலிமில் அது ஊறிப் பிடிக்கிறது. கேனான் ஜி2010 போன்றவற்றில் கறுப்பு மட்டும் பிக்மெண்ட் (கரையாத நுண்துகள் மை). காகிதத்தில் எழுத்துக்கு அது அருமையான மை. ஃபிலிமிலோ துகள் உள்ளே இறங்காமல் மேலேயே தங்கப் பார்க்கும். கடையில் டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) கணக்கைக் கேட்பதற்கு முன் கறுப்பு டையா, பிக்மெண்டா என்று கேளுங்கள்.

டிரைவரில் பேப்பர் வகை பளபளப்பு போட்டோ பேப்பர், தரம் ஹை. ஈர விரலால் ஓரத்தைத் தொட்டால் ஒட்டுகிற பக்கம்தான் கோட்டிங் பக்கம், அதில்தான் அடிக்க வேண்டும். படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அடியுங்கள். அப்போதுதான் மை பக்கம் போர்டை நேரே தொடும். திருப்பாவிட்டால் ஷீட்டின் கனம் நடுவில் நின்று, ஒளி ஓரமாகப் புகுந்து மெல்லிய டிராக்கெல்லாம் தடித்துவிடும்.

ஆனி, ஆடிச் சாரலில் எங்கள் ஊரில் மை காய நேரமாகும். அவசரப்பட்டு போர்டின் மேல் வைத்தால் மாஸ்க் ஷீட் ஒட்டிக்கொள்ளும். ராத்திரி அடித்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்துக் காலையில் எடுப்பேன்.

வாரம் ஒரு கலர் பக்கமாவது அடிக்காவிட்டால் இங்க்ஜெட் நாசில் (மை தெளிக்கும் துளை) அடைக்கும். எப்போதாவது ஒரு போர்டு எடுப்பவர்கள் இதற்கென்று பிரிண்டர் வாங்க வேண்டாம். ஆஃப்செட் அச்சுக்கு நெகட்டிவ் எடுக்கும் இடம் பக்கத்தில் இன்னும் இருந்தால் அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கறுப்புக்கு எந்த இங்க்ஜெட்டும் ஈடாகாது.