ரிட்டன் டிக்கெட்டோடு பிரசவத்துக்குப் போனேன்

தங்கைக்கு டாக்டர் சொன்ன தேதி மே 9. எனக்குக் கிடைத்த லீவு பன்னிரண்டு நாள். மே 3 அன்று சிங்கப்பூரிலிருந்து கோயம்புத்தூர், அங்கிருந்து காரில் சேலம். மே 14 திரும்பல். முன்னால் ஆறு நாள், பின்னால் ஐந்து நாள் என்று ஆபீஸ் வேலைக்குப் போடுவதுபோல ஒரு கணக்கு. சொன்ன தேதியிலேயே பிறக்கிற குழந்தை நூற்றில் நாலைந்துதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

என் பையன் சிங்கப்பூரில் பிறந்தவன். வலி தெரியாமலிருக்க முதுகில் எபிடியூரல் ஊசி போட்டதும் பாதி நேரம் தூங்கிவிட்டேன். சுகப்பிரசவத்துக்குத் துணை நிற்க எனக்கென்ன தகுதி என்று தங்கையிடமே கேட்டேன். "நீ பக்கத்துல இருந்தா போதும்க்கா, அறிவுரை மட்டும் சொல்லாத" என்றாள்.

அவள் ஏழாம் மாதத்திலிருந்தே ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு பிசியோதெரபிஸ்ட் நடத்தும் பிரசவப் பயிற்சி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வந்த மறுநாள் நானும் கூடப் போனேன். ஐந்தாறு கர்ப்பிணிகள், மூன்று புருஷன்மார், ஒரு மாமியார். இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும். வலி வரும்போது பல்லைக் கடித்தால் கீழேயும் இறுகும், அதனால் தாடையைத் தளர்த்த வேண்டும். மல்லாக்கப் படுத்தே கிடக்காமல் நடப்பது, பந்தில் உட்கார்ந்து இடுப்பைச் சுழற்றுவது, முட்டி போட்டுக் குனிவது. துணைக்கு நிற்பவருக்கும் வேலை உண்டு: வலி ஏறும்போது முதுகுத்தண்டின் அடியில் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த மாமியார்தான் எல்லோரையும்விட நன்றாக அழுத்தினார். புருஷன்மார் செல்போனில் வீடியோ எடுத்தார்கள்.

வீட்டில் அம்மாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. கொலுசுப் பட்டறையில் நாளெல்லாம் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தவள். "குத்த வச்சு உட்காரச் சொல்லித்தர்றதுக்கு ஃபீஸாடி?" என்று கேட்டாள். தங்கைக்குக் குத்தவைத்தால் குதிகால் தரையில் படவில்லை. ஃபீஸ் நியாயம்தான்.

ஸ்கேன் சென்டரில் ஓர் அசட்டுத்தனம் செய்தேன். சிங்கப்பூரில் எனக்கு 20ஆவது வாரத்திலேயே பையன் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தில் "என்ன குழந்தைங்க?" என்று கேட்டுவிட்டேன். அந்தம்மா பேசவேயில்லை, சுவரிலிருந்த போர்டைக் கையால் காட்டினார். பாலினம் சொல்வதைத் தடைசெய்யும் 1994 சட்டம். பெண் சிசுக்களைக் காப்பாற்றத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் முதலில் தொடங்கியது இந்தச் சேலம் மாவட்டத்தில்தான். இங்கே பிறந்து வளர்ந்த நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது.

இனி ஆஸ்பத்திரி. தங்கை முதலிலிருந்து காட்டியது பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில். ஏசி, டோக்கன் நம்பர், வரவேற்பில் காபி மிஷின். மே 6 அன்று கூடப் போனேன். "கொடி கழுத்தைச் சுத்தியிருக்கு. வெயிட் பண்ணலாம், ரிஸ்க்தான். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துட்டு வாங்களேன்" என்றார் டாக்டர். மூன்று நான்கு குழந்தைகளில் ஒன்றுக்குக் கொடி சுற்றித்தான் இருக்கும், பெரும்பாலும் அதனால் ஒன்றும் ஆகாது என்று வகுப்பில் கேட்டிருந்தோம். குழந்தையின் இதயத்துடிப்பில் ஏதாவது குறையா என்று தங்கை கேட்டாள். இல்லையாம். தமிழ்நாட்டில் 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 44.9 பிரசவம் சிசேரியன். தனியாரில் மட்டும் 63.8. அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது இந்த எண் எப்படி வருகிறது என்று புரிந்தது. யாரும் மிரட்டவில்லை. எல்லாம் அன்பாகத்தான் நடந்தது.

ஆனால் பழி முழுவதையும் அங்கே போட எனக்கு வாயில்லை. "14ஆம் தேதிக்குள்ள முடிஞ்சா எனக்கும் வசதி" என்று அந்த அறையில் சொன்னவள் நான்தான். டாக்டர் உடனே என் பக்கம் திரும்பினார். காரில் ஏறியதும் தங்கை அழுதாள்: "உன் டிக்கெட்டுக்காக என் வயித்தைக் கிழிக்கணுமா?"

ஃபைலை வாங்கிக்கொண்டு அஸ்தம்பட்டி தாண்டி ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்கு மாறினோம். கடைசி வாரத்தில் மாறுவது நல்ல யோசனையல்ல. பல இடங்களில் சேர்த்துக்கொள்ளவே யோசிக்கிறார்கள். வயதான லேடி டாக்டர். பெஞ்சில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம், ஃபேன் கடகடத்தது. கேட்ட கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். துணைக்கு ஒரு பெண் கூட இருக்கலாம். நடக்கலாம். தேவையிருந்தால்தான் கீழே வெட்டித் தையல். எபிடியூரல் இரவில் கிடைக்காது, மயக்க டாக்டர் வெளியிலிருந்து வர வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் துடிப்பைப் பதிவுசெய்து பார்ப்போம், குழந்தையின் அசைவு குறைந்தால் உடனே வரவேண்டும், 41 வாரம் தாண்டினால் சேர்த்து வலிக்கு மருந்து கொடுப்போம். என்னைப் பார்த்து, "நீங்க எப்பம்மா ஊருக்குக் கிளம்புறீங்க?" என்றார். "தெரியாதுங்க" என்றேன். அன்று ராத்திரியே டிக்கெட்டை 21க்கு மாற்றினேன். மாற்றிய கட்டணத்தில் இரண்டு பவுடர் பால் டின்னும் ஒரு தொட்டிலும் வாங்கியிருக்கலாம்.

பிறகு காத்திருப்பு. 9 போனது, 12 போனது. சாயங்காலம் மூக்கனேரிக் கரையில் நடை, வரும்வழியில் தட்டுவடை செட். அக்கம்பக்கத்தினர் வைத்தியம் சொன்னார்கள். விளக்கெண்ணெய் குடிக்கச் சொன்னவரை அம்மாவே விரட்டினாள். தங்கை புருஷன், "ஏற்காடு வரை ஒரு ரவுண்டு போவோமா? 20 கொண்டை ஊசி வளைவு, தானா வலி வந்துடும்" என்றார். மே மாதச் சீசன் நெரிசலில் பத்தாவது வளைவில் வலி வந்தால் யார் பார்ப்பது? மலைக் கிராமத்துப் பெண்களோ அந்தப் பயத்தில் தேதிக்கு முன்பே இறங்கி வருகிறார்கள். அவர்கள் தங்கிக் காத்திருக்கவென்றே அடிவாரத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். காத்திருக்க ஓர் அறை! எனக்கு அது பெரிய சேவையாகத் தோன்றியது.

15 இரவு பதினொரு மணிக்கு இடுப்பில் வலி. அம்மா சீரகத் தண்ணீர் கொடுத்தாள். பொய் வலியானால் அடங்கும், நிஜமானால் ஏறும். நான் செல்போனில் நேரம் குறித்தேன். மூன்று மணிக்குச் சீரகமும் செல்போனும் ஒன்றையே சொன்னதால் கிளம்பினோம்.

கர்ப்பப்பை வாய் 3 சென்டிமீட்டர்தான் திறந்திருந்தது. நைட் டூட்டி சிஸ்டர், "இப்பவே படுத்துடாத கண்ணு, நட" என்றார். நடந்தோம். வலி வரும்போது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குனிவாள், நான் முதுகை அழுத்துவேன். "மூச்சை விடு, விடு" என்றேன். "வாயை மூடுக்கா" என்றாள். அதன்பின் மூடிக்கொண்டேன். 5 சென்டிமீட்டர் வரைக்கும் மெதுவாகத்தான் போகும், அவசரப்படுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே 2018-ல் சொல்லியிருப்பதாக வகுப்பில் சொன்னார்கள். சொன்னதுபோலவே ஒன்பது மணிக்குத்தான் 5. பிறகு மளமளவென்று. ஒரு கட்டத்தில் "என்னால முடியாது, கிழிச்சு எடுத்துடுங்க" என்று கத்தினாள். எனக்குக் கை நடுங்கியது. சிஸ்டர் சிரித்தார்: "இந்தப் பேச்சு வந்துட்டா முக்காவாசி முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

குத்தவைத்துப் பெற வேண்டுமென்ற ஆசை நடக்கவில்லை. "இந்த டேபிள்ல என்னால பிடிக்க முடியாதும்மா" என்று டாக்டர் தலைப்பக்கத்தை மட்டும் உயர்த்திவிட்டார். 11.40-க்குப் பெண். 3.1 கிலோ. கொடி ஒரு சுற்று சுற்றித்தான் இருந்தது; சட்டையைத் தலைவழியே கழற்றுவதுபோல விரலால் கழற்றினார். ஒரு நிமிடம் பொறுத்துத்தான் கொடியை வெட்டினார்கள், அதுவரை குழந்தை தங்கை நெஞ்சில். லேசான கிழிசல், இரண்டு தையல். வெளியே அம்மா சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு நின்றாள். சிஸ்டர் கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு, "சீம்பால்தான் சேனை" என்றார். அம்மாவுக்கு இன்னும் அந்தக் கோபம் இருக்கிறது.

பிறப்புச் சான்றிதழ் வேலை சுலபம். அதற்குக் கர்ப்பத்தின்போது அரசிடம் பதிந்து வாங்கும் 12 இலக்க எண் வேண்டும், தனியார் ஆஸ்பத்திரியில் பிறந்தாலும் கட்டாயம். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றதும் இரண்டு வீட்டாரும் நிம்மதியாகச் சண்டையைத் தொடர்ந்தார்கள்.

21 காலை கிளம்பினேன். நேற்று வீடியோ காலில் பார்த்தேன்: அந்த வகுப்புப் பந்தில் உட்கார்ந்து அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள். இடுப்புக்கு நன்றாக இருக்கிறதாம்.