கிரனோபிள், இன்ஸ்ப்ரூக், கூர்: ஆல்ப்ஸில் குடியேற எந்த ஊர்?

கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆல்ப்ஸின் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் பிரான்ஸின் கிரனோபிள் அதில் பாதிதான், 210 மீட்டர் சொச்சம். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் 574 மீட்டர், சுவிட்சர்லாந்தின் கூர் 593 மீட்டர். ஆல்ப்ஸ் பகுதியில் வேலை கிடைத்துப் போகிறவர்களில் பெரும்பாலோர் வாழப்போவது இப்படியொரு பள்ளத்தாக்கின் தரையில். சிகரமெல்லாம் சனி, ஞாயிறுக்கு. மற்ற ஐந்து நாளும் பள்ளத்தாக்கின் காற்றையும் வெயிலையும் வாடகை ஒப்பந்தத்தையும் வைத்துத்தான் ஓடும். ஆகவே ஸ்கீ சரிவுகளின் நீளத்தை விட்டுவிட்டு, இந்த மூன்றை வைத்தே ஊர்களை எடைபோடுகிறோம்.

வேலையும் அனுமதியும்

வேலை வாய்ப்பின் அகலத்தில் கிரனோபிள் முன்னால் நிற்கிறது. அணு ஆற்றல் ஆணையமான செஆ-வின் ஆய்வகங்கள், ஐரோப்பிய சிங்க்ரோட்ரான் என்ற எக்ஸ்-கதிர் ஆய்வு நிலையம், லாவே-லாஞ்செவின் நியூட்ரான் ஆய்வு நிலையம் ஆகியவை நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. இசேர் ஆற்றையொட்டி மேலே போனால் சில்லுத் துறை நிறுவனங்கள்: குரோலில் எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ், பெர்னனில் சுவாதெக். ஆய்வகத்துக்குள் ஆங்கிலமே போதும். வாசலைத் தாண்டினால் பிரெஞ்சு இல்லாமல் பல் மருத்துவரைக்கூடப் பார்க்க முடியாது.

இன்ஸ்ப்ரூக்கில் 1669-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை, செவிப்புலக் கருவிகள் செய்யும் மெட்-எல் ஆகியவை முக்கியம். கூரில் கன்டோன் (மாநில) மருத்துவமனை, அருகில் டோமாட்/எம்ஸில் எம்ஸ் கெமி வேதி நிறுவனம், போனடூட்ஸில் ஆய்வகக் கருவிகள் செய்யும் ஹாமில்டன். அவ்வளவுதான். கூரில் ஒரு வேலை போனால் அடுத்த வேலை பெரும்பாலும் சூரிச் பக்கம்தான். ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்.

இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு மிகக் கடினமானது சுவிஸ் அனுமதி. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோருக்கு நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 8,500 இடங்கள்தான்: 4,500 நீண்டகால ‘பி’, 4,000 குறுகியகால ‘எல்’. உள்ளூரிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ தகுந்த ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி காட்ட வேண்டும். திறன்சார் வேலைக்கு வருவோருக்கான பிரான்ஸின் ‘தாலான்’ அட்டை நான்கு ஆண்டுவரை தரப்படும். துணைவருக்கும் வேலை உரிமை உண்டு. ஆஸ்திரியாவின் சிவப்பு-வெள்ளை-சிவப்பு அட்டை புள்ளிக் கணக்கில் நடப்பது. படிப்பு, அனுபவம், வயது, மொழி எல்லாவற்றுக்கும் புள்ளி. முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்க முடியும் என்பதே அதன் நல்ல குணம்.

காற்று: இங்கேதான் ஊர்கள் பிரிகின்றன

கிரனோபிளின் சிக்கல், நகராத காற்று. வடக்கே ஷார்த்ரூஸ், கிழக்கே பெல்தோன், மேற்கே வெர்கோர் என்று மூன்று மலைத்தொடர்கள் சுற்றி நிற்க, நடுவே தட்டையான கிண்ணம் போல நகரம். குளிர்கால இரவுகளில் கனத்த குளிர்காற்று சரிவுகளில் இறங்கித் தரையில் தேங்கும். அதன்மேல் வெப்பமான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். விறகு அடுப்புப் புகையும் வண்டிப் புகையும் அந்த மூடிக்குக் கீழேயே சுற்றும். இந்த நிலை சில நாள் நீடித்தால் மாசு எச்சரிக்கை வரும். வேகச்சாலைகளில் வேக வரம்பைக் குறைப்பார்கள், வண்டியின் மாசுத் தரத்தைக் காட்டும் ‘கிரிட்டேர்’ வில்லை எண்ணைப் பார்த்துப் பழைய வண்டிகளை நிறுத்துவார்கள். ஆஸ்துமா உள்ள குழந்தையோடு போகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே யோசிக்க வேண்டும். கோடையிலோ அதே கிண்ணம் சட்டியாகிவிடும். 35 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு, வீடுகளில் ஏசி அரிது. மேல்தளத்து வீடு வாடகை குறைவாக வந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

தப்பும் வழி உயரத்தில் இருக்கிறது. 1,000 மீட்டர் உயரத்து லெ சப்பேவுக்கோ, அதைவிடச் சற்று உயரமான சேன்-நிசியேவுக்கோ ஏறினால், பல நாள் மூடி காலுக்குக் கீழே போய் மேலே நீல வானம் தெரியும். சிலர் அங்கேயே வீடு எடுக்கிறார்கள். பனிக்காலத்தில் தினமும் வளைவுச் சாலையில் இறங்கி ஏறத் தயாராக இருந்தால் அது நல்ல தேர்வு. பேருந்தை மட்டும் நம்பியிருப்பவருக்கு வேண்டாம்.

இன்ஸ்ப்ரூக்கிலும் கூரிலும் காற்றின் கதையே வேறு. அங்கே ‘ஃபோன்’ என்ற வெப்பமான மலைக்காற்று அடிக்கும். தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று ஆல்ப்ஸின் மறுபக்கம் ஏறும்போது மழையாகக் கொட்டிவிட்டு, 100 மீட்டருக்கு அரை பாகை சொச்சம்தான் குளிர்கிறது. இந்தப் பக்கம் உலர்ந்து இறங்கும்போது 100 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் சூடேறுகிறது. அந்த வித்தியாசம்தான் ஜனவரியிலும் சட்டென்று வசந்தம் வந்ததுபோலக் காட்டுவது. இன்ஸ்ப்ரூக்கில் அது பிரென்னர் கணவாய் வழியாக நேராக நகரத்தின் மேல் இறங்கும்; வலுத்த நாளில் வீச்சு மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். பால்கனிப் பூந்தொட்டி, சாய்வுப் பந்தல், சைக்கிள் உறை எதுவும் மிஞ்சாது. தலைவலியும் தூக்கமின்மையும் வரும் என்று உள்ளூர்க்காரர்கள் பலர் சொல்வார்கள். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. கூர் நகருக்கு அடுத்த திராட்சைத் தோட்டங்களில் இதே காற்றுக்கு ‘திராட்சை வேகவைப்பவன்’ என்று செல்லப்பெயர், இலையுதிர்காலத்தில் பழத்தைக் கனிய வைப்பதால்.

எங்கள் கணிப்பில், அவ்வப்போது வந்து அலைக்கழிக்கும் ஃபோன், வாரக்கணக்கில் தேங்கும் புகையைவிடப் பொறுக்கத்தக்கது. ஆனால் இன்ஸ்ப்ரூக் இருக்கும் ‘இன்’ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இன்னொரு கணக்கும் உண்டு: பிரென்னருக்குப் போகும் லாரி நெடுஞ்சாலை. ஓசை மேல்நோக்கிப் பரவுவதால் சரிவில் உயரமாக இருக்கும் வீட்டில்கூட இரைச்சல் கேட்கும். வீடு பார்க்கப் போகும்போது ஜன்னலைத் திறந்து இரண்டு நிமிடம் பேசாமல் நில்லுங்கள்.

டிசம்பர் வெயிலைச் சோதிப்பது

டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் இன்ஸ்ப்ரூக்கில் 19 பாகை உயரமே ஏறும். கூரில் 20-க்குச் சற்றுக் குறைவு, கிரனோபிளில் 21 சொச்சம். தெற்கே இரண்டரை கிலோமீட்டர் தள்ளி, தரையைவிட 1,000 மீட்டர் உயர்ந்த முகடு ஒன்று இருந்தால் அது கிட்டத்தட்ட 22 பாகையை மறைக்கும். அங்கே அந்த நாட்களில் நண்பகல் வெயிலே இல்லை. கோடையில் வீடு பார்த்து ஒப்பந்தம் போடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஜூனில் எல்லா அறையிலும் ஒளி கொட்டும். நவம்பர் முதல் பிப்ரவரிவரை அதே அறையில் பகலிலும் விளக்கு எரியும், சுவர் ஈரம் காயாது, வாசற்படியில் உறைபனி உருகாது.

சோதனை எளிது. கைபேசித் திசைகாட்டியில் நேர் தெற்கைப் பிடித்து, கையை முழுக்க நீட்டி, கிடைமட்டக் கோட்டின் மேல் இரண்டு முஷ்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஒரு முஷ்டி ஏறத்தாழ 10 பாகை. முகடோ எதிர்க் கட்டிடமோ இரண்டாம் முஷ்டிக்கு மேல் தெரிந்தால் டிசம்பரில் அந்த ஜன்னலுக்கு நண்பகல் சூரியன் கிடையாது.

இன்ஸ்ப்ரூக்கில் ஆற்றின் வடகரை ஹொட்டிங், மியூலாவ் பகுதிகள் தெற்கு நோக்கிய வெயில் சரிவு. வாடகையிலும் அது தெரியும்.

வீடும் ஒப்பந்தமும்

மூன்றில் வாடகை குறைவானது கிரனோபிள். 2025 முதல் பெருநகரின் பல ஊராட்சிகளில் வாடகை உச்சவரம்பும் இருக்கிறது. பொருட்கள் இல்லாத வீட்டுக்கு ஒரு மாத முன்பணம், பொருட்களோடு இரண்டு மாதம் என்பது சட்டம். இடறுவது ‘காரான்’ என்ற பிணையாளரிடம். பிரான்ஸில் சம்பளம் வாங்கும் ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்பார்கள். புதிதாக வருபவருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? 30 வயதுக்குட்பட்டவர்கள் ‘விசால்’ என்ற இலவசப் பிணையை இணையத்தில் பெறலாம், ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே பெற்றுவிட வேண்டும். வீட்டின் ஆற்றல் தரத்தையும் (‘ஏ’ முதல் ‘ஜி’ வரை, ‘ஜி’ மிக மோசம்) பாருங்கள். ‘ஜி’ தர வீடுகளைப் புதிதாக வாடகைக்கு விட 2025 ஜனவரி முதல் தடை. ‘எஃப்’ இன்னும் சந்தையில் உண்டு, குளிர்கால மின்கட்டணத்தில் அது புரியும்.

இன்ஸ்ப்ரூக் ஆஸ்திரியாவிலேயே வாடகை அதிகமான நகரங்களில் ஒன்று. மூன்று மாத முன்பணம் வழக்கம். தரகர் கூலியை, 2023 ஜூலைக்குப் பிறகு, தரகரை அமர்த்தியவரே கொடுக்க வேண்டும். உங்களிடம் கேட்டால் மறுக்கலாம். காலவரை ஒப்பந்தமானாலும் ஓராண்டுக்குப் பின் மூன்று மாத அறிவிப்பில் வெளியேறலாம். குடிபுகுந்த மூன்று நாட்களுக்குள் முகவரிப் பதிவு. ‘மெல்டட்செட்டல்’ என்ற அந்தத் தாள் பிறகு பல இடங்களில் கேட்கப்படும். சம்பளத்தை ஒப்பிடும்போது ஆண்டுக்கு 14 தவணை என்பதை மறக்க வேண்டாம். 13, 14-ஆம் தவணைகளுக்கு வரியும் குறைவு.

கூரில் வீடு கேட்கும்போதே, கடன் பாக்கி வழக்கு இல்லை என்று காட்டும் கடன் பதிவேட்டுச் சான்று கேட்பார்கள். புதிதாக வந்தவரிடம் அது இருக்காது. வேலை ஒப்பந்தத்தையும் முதலாளியின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுப்பதே வழி. வெளியேறும் தேதி ஒப்பந்தத்திலோ ஊர் வழக்கத்திலோ குறித்த நாட்களில்தான் வரும். இடையில் போக வேண்டுமென்றால் வாடகை கட்டத் தகுதியுள்ள ஒருவரை நீங்களே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பழைய அடுக்ககங்களில் துணி துவைக்கும் அறை எல்லோருக்கும் பொது, முறை வைத்து வரும். குப்பைக்குக் கட்டணம் சேர்த்த தனிப் பை உண்டு. சாதாரணப் பையில் கட்டி வைத்தால் அபராதம்.

மூன்று ஊருக்கும் பொதுவான தவறு ஒன்று: குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்காமல் இருப்பது, அல்லது நாள் முழுக்கச் சற்றே சாய்த்து வைப்பது. நம் சமையல் ஆவியும் வீட்டுக்குள் காயும் துணியும் சேர்ந்து வெளிச்சுவர் மூலைகளில் கரும்பூசணம் பிடிக்கும், காலி செய்யும்போது முன்பணத்தில் கழிப்பார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை எல்லா ஜன்னலையும் முழுதாகத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு மூடுங்கள். காற்று மாறும், சுவர் குளிராது.

அடுப்படி

உயரம் சமையலைப் பாதிக்குமா என்றால், இந்த நகரங்களில் பெரிதாக இல்லை. 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை குறையும்; இன்ஸ்ப்ரூக்கில் தண்ணீர் 98 பாகையில் கொதிக்கும். கூரிலிருந்து மலை ரயிலில் ஒரு மணி நேரத்தில் போகும் அரோசா 1,775 மீட்டர். அங்கே 94 பாகைதான், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக மறுக்கும். குக்கர் இருந்தால் கவலையில்லை, ஆனால் அலுமினிய குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்யாது. அடிப்பாகம் காந்தம் ஒட்டும் எஃகாக இருக்க வேண்டும். 20 பாகை அறையில் இட்லி மாவு ஓர் இரவில் பொங்காது. ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வையுங்கள். குடிநீருக்கு வடிகட்டி வாங்க வேண்டாம்: இன்ஸ்ப்ரூக்குக்கு மியூலாவ் மலை ஊற்று, கிரனோபிளுக்கு ரோஷ்ஃபோர் நிலத்தடி நீர், இரண்டும் நேராகக் குழாயில் வருபவை.

மளிகையில் கூர் தப்பித்துக்கொள்கிறது. 1980-களிலிருந்து வந்து குடியேறிய ஈழத்தமிழர்களால் சூரிச்சில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் சாதாரணம். அட்லிஸ்வில் சிவசுப்பிரமணியர் கோயிலும் அந்தப் பக்கமே. இன்ஸ்ப்ரூக்காரர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் மியூனிக் போகலாம். கிரனோபிளிலிருந்து தமிழ்க் கடைகள் நிறைந்த பாரிஸின் லா ஷப்பேல் பகுதிக்கு வேகரயிலில் மூன்று மணி நேரம். ஞாயிறன்று ஆஸ்திரியாவிலும் சுவிஸிலும் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், ரயில் நிலையக் கடைதான் கை கொடுக்கும். பிரான்ஸில் காலையில் திறந்திருக்கும்.

சாலை

கிரனோபிள் தட்டை என்பதால் டிராமும் சைக்கிளுமே போதும். சைக்கிள் திருட்டு அதிகம், ‘யு’ வடிவப் பூட்டு இரண்டு போடுங்கள். கார் வைத்திருந்தால் சட்டம் இப்படி: பிரான்ஸின் மலைப்பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர் அல்லது சங்கிலி கட்டாயம். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை பனிச்சாலையில் குளிர்கால டயர், குறைந்தது 4 மில்லிமீட்டர் ஆழத்தோடு. சுவிஸில் நேரடிக் கட்டாயம் இல்லை, ஆனால் கோடை டயரோடு விபத்தில் சிக்கினால் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

மருத்துவமும் மலை மீட்பும்

ஆஸ்திரியாவிலும் பிரான்ஸிலும் காப்பீடு சம்பளத்தோடு வந்துவிடும். சுவிஸில் ஒவ்வொருவரும் தனியாக, வந்த மூன்று மாதத்துக்குள் எடுக்க வேண்டும். அதற்குள் எப்போது எடுத்தாலும் வந்த நாளிலிருந்தே காப்பீட்டுத் தவணை கணக்காகும். பெரியவர்களுக்கு ஆண்டு மருத்துவச் செலவில் முதல் 300-இலிருந்து 2,500 ஃபிராங்க் வரை (நீங்கள் தேர்ந்தெடுத்ததைப் பொறுத்து) கைக்காசு, அதன்மேல் பத்து விழுக்காடு, 700 ஃபிராங்க் உச்சம்வரை. சுவிஸ் சம்பளத்தைப் பார்த்து மயங்கும் முன் குடும்பத்தின் தலைக்குத் தலை இந்தத் தவணையைக் கழித்துப் பாருங்கள்.

மலையில் கால் முறிந்தால் கணக்கு தலைகீழ். பிரான்ஸில் ஸ்கீ தடத்துக்கு வெளியே ஜாந்தார்மரி காவல்துறையின் மீட்புப் படை ஹெலிகாப்டரில் வந்தாலும் கட்டணம் இல்லை. தடத்துக்குள் என்றால் உண்டு. ஆஸ்திரியாவில் பொழுதுபோக்கு விபத்துக்கு ஹெலிகாப்டர் மீட்புச் செலவைச் சமூகக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. அல்பென்ஃபெரைன் என்ற மலையேற்றச் சங்கத்தில் உறுப்பினரானால் மீட்புக்கு 25,000 யூரோ வரை காப்பு கிடைக்கும். சுவிஸில் வாரம் எட்டு மணி நேரமாவது ஒரே இடத்தில் வேலை செய்பவருக்கு முதலாளியின் விபத்துக் காப்பீடு உண்டு. வேலை இல்லாத துணைவருக்கு இல்லை. அடிப்படை நலக்காப்பீடு மீட்புச் செலவில் பாதியை, ஆண்டுக்கு 5,000 ஃபிராங்க் வரைதான் தரும்; அதனால் ரேகா மீட்பு அமைப்பில் ஆதரவாளராகச் சேர்ந்துவிடுங்கள்.

அழைக்க வேண்டிய எண்கள்: ஆஸ்திரியாவில் 140, சுவிஸில் ரேகாவுக்கு 1414, பிரான்ஸில் 112. கைபேசியைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். கடுங்குளிரில் 40 விழுக்காடு மிச்சம் காட்டும் பேட்டரியும் சட்டென்று அணைந்துவிடும்.