சேற்றுப்புண்: ஒரு வாரக் கிறீமா, நாலு வாரக் கிறீமா?

ஐப்பசியில் வாடைமழை தொடங்கிவிட்டால் தம்பலகாமத்து வயல்காரருக்குக் கால் காய நேரம் கிடைப்பதில்லை. மீன் இறக்கும் துறையில் நிற்பவர்களுக்கும் அதே கதைதான். நகரத்துப் பிள்ளைகள் நேற்று நனைந்த சப்பாத்தையே இன்றும் மாட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போகிறார்கள். மார்கழிக்குள் விரல் இடுக்கு ஊறி வெளுத்துவிடும். மருந்துக்கடையில் "சேற்றுப்புண்ணுக்கு ஒரு கிறீம் தாங்கோ" என்று கேட்டால் நாலைந்து விதமான டியூப் இருக்கும். விலை குறைந்ததற்குத்தான் கை போகும். அங்கேதான் கணக்குப் பிழைக்கிறது.

கிறீமைப் பார்க்க முன் காலைப் பாருங்கள். சேற்றுப்புண்ணுக்குக் காரணமான பங்கஸ் (பூஞ்சை) பெரும்பாலும் சின்ன விரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவில்தான் தொடங்கும், ஏனென்றால் அந்த இரண்டும்தான் ஒன்றோடொன்று நெருக்கி ஒட்டிக் கிடப்பவை. விரித்துப் பார்த்தால் தோல் வெள்ளையாக ஊறி, உரித்தால் அடியில் சிவந்து, நடுவே கீறல் விட்டிருக்கும். சப்பாத்தைக் கழற்றியதும் அரிப்புக் கூடும். இரண்டாவது வகை உள்ளங்காலில் வருவது. அரிப்பே இராது, ரேகைகளுக்குள் மா தூவினாற்போல மெல்லிய வெண்செதில், பாதத்தின் ஓரம் முழுவதும் தடிப்பு. இதைப் பித்தவெடிப்பு என்று நினைத்து வருடக்கணக்காகத் தேங்காயெண்ணெய் பூசுகிறவர்கள் உண்டு. வெடிப்புக் குதிக்காலோடு நிற்கும். பங்கஸ் பாதத்தின் வளைவுக்குள்ளும் போகும். ஒரு கையின் உள்ளங்கையும் அதேபோல் உலர்ந்து செதிலாகியிருந்தால் சந்தேகம் இன்னும் பலமாகும்.

பங்கஸ் போலத் தோன்றி ஏமாற்றுபவை மூன்று. உள்ளங்காலில் ஊசியால் குத்தியதுபோல் சிறு குழிகளும் தாங்க முடியாத நாற்றமும் இருந்தால் அது பக்டீரியாவின் வேலை. விரல் இடுக்கில் கபில நிறத் திட்டாக, அரிப்பு அதிகமில்லாமல் கிடப்பது எரித்திராஸ்மா என்ற இன்னொரு பக்டீரியா நோயாகலாம். தோல் கிளினிக்கில் வூட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கை அடித்தால் பவளச் சிவப்பாக ஒளிரும். இரண்டு பாதத்தின் மேற்புறமும், செருப்பு வார் படும் இடம் மட்டும், ஒரே அளவாகச் சிவந்து அரித்தால் ரப்பர் அல்லது தோல் ஒவ்வாமையை நினைக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் கீழே சொல்லப்போகும் கிறீம்களை நம்பியிருக்கக் கூடாது.

இனி முக்கியப் போட்டி: டெர்பினாஃபின் 1 சதவீதமும் குளோட்ரிமசோல் 1 சதவீதமும். டெர்பினாஃபின் பங்கஸைக் கொல்கிறது. பூசுவதை நிறுத்திய பிறகும் தோலின் மேல்படையில் சில நாள் தங்கி வேலை செய்கிறது. விரல் இடுக்குக்கு நாளுக்கு ஒரு தடவை, ஏழு நாள் போதும். குளோட்ரிமசோல் பெரும்பாலும் வளர்ச்சியை நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். பங்கஸ் பிடித்த தோல் உதிர்ந்து புதுத்தோல் வரும்வரை, நாளுக்கு இரண்டு தடவையாவது, நாலு வாரம் பூச வேண்டும். மைகோனசோல் 2 சதவீதமும் இதே இனம்.

கணக்கைப் பாருங்கள். ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். இரண்டு காலின் விரல் இடுக்குகளுக்கு அது காணும். டெர்பினாஃபினுக்கு ஏழு நாளில் 3.5 கிராம். குளோட்ரிமசோலுக்கு 28 நாளில் 28 கிராம், அதாவது 15 கிராம் டியூப் இரண்டு. உள்ளங்கால் வகை என்றால் தடவைக்கு ஒரு காலுக்கே அரை கிராம் வேண்டும். டெர்பினாஃபினை நாளுக்கு இரண்டு தடவை இரண்டு வாரம் பூசினால் 28 கிராம். குளோட்ரிமசோல் 56 கிராம். மலிவு டியூப் மலிவாகவே முடிகிறதா என்று இனி நீங்களே கணக்குப் பார்க்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு: ஐந்தாம் ஆறாம் நாளில் அரிப்பு நின்றுவிடும், டியூப் அலுமாரிக்குப் போய்விடும். குளோட்ரிமசோலில் இப்படி நிறுத்தினால் அடுத்த மழைக்கு முன்பே திரும்பி வரும்.

ஆனாலும் குளோட்ரிமசோல் வெல்லும் இடம் ஒன்று உண்டு. கண்டிடா என்ற மதுவ வகைப் பங்கஸ், குறிப்பாகச் சீனி வருத்தக்காரரின் ஈர இடுக்குகளில் வருவது, டெர்பினாஃபின் கிறீமுக்கு அவ்வளவாக மசியாது. டெர்பினாஃபினுக்கு இன்னொரு தடையும் உண்டு: தெற்காசியாவில் இப்போது அதற்கு அசையாத ட்ரைக்கோஃபைட்டன் இனப் பங்கஸ் வகை ஒன்று பரவிக்கொண்டிருக்கிறது. அது கவட்டிலும் உடம்பிலும்தான் அதிகம். காலோடு அங்கேயும் படர்ந்திருந்தால் கிறீமோடு மல்லுக்கட்டாமல் டொக்டரிடம் போவதே சரி.

விற்ஃபீல்ட் களிம்பு பழைய ஆள்: பென்சோயிக் அமிலம் 6 சதவீதம், சலிசிலிக் அமிலம் 3 சதவீதம். தடித்த உள்ளங்கால் தோலை உரித்தெடுக்க இன்னும் நல்லது. வெடித்த விரல் இடுக்கில் வைத்தால் உயிர் போகிற எரிவு. அங்கே வேண்டாம்.

எடுக்கவே கூடாதது ஸ்டீரொயிட் கலந்த டியூப். பெட்டியில் பெட்டாமெதசோன், குளோபெட்டசோல் என்ற பெயர்களைத் தேடுங்கள். இரண்டே நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கும், ஆள் மகிழ்ந்துபோவார். தோலின் எதிர்ப்பு அடங்கியதால் பங்கஸ் சத்தமில்லாமல் படர்கிறது, ஓரம் மங்கிப்போவதால் பிறகு பார்க்கும் டொக்டருக்கும் அடையாளம் பிடிபடாது. வீட்டில் ஒருவருக்குச் சுகமாக்கியது என்று கை மாறுவதும் இந்த டியூப்தான்.

வீட்டு வைத்தியத்தில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் இடுக்கில் ஈரத்தைப் பூட்டி வைக்கும். பங்கஸுக்கு அதுதான் வேண்டியது. மருதோன்றி அரைத்து வைப்பது அதைவிடத் தேவலை, உலர்த்தும். ஆனால் கடைக் கோனில் வரும் கறுப்பு மருதோன்றியில் சாயம் சேர்ப்பதுண்டு, புண்ணில் வைத்தால் கொப்புளிக்கும். நீர் வடிகிற புண்ணுக்குக் கொண்டிஸ் (பொட்டாசியம் பரமங்கனேற்று) நல்லது: 400 மி.கி. வில்லை ஒன்றை 4 லீற்றர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, வெளிர் இளஞ்சிவப்பு நிறத்தில் 10 முதல் 15 நிமிடம் கால் வைக்கலாம். கரையாத துகள் தோலைச் சுடும். வடிதல் நின்றதும் நிறுத்திவிட்டுக் கிறீமுக்கு வாருங்கள்.

நகம் மஞ்சளித்துத் தடித்துவிட்டால் கிறீம் உள்ளே போகாது. நுனியில் மட்டும் என்றால் அமொரோல்ஃபின் 5 சதவீத நகப்பூச்சு, வாரம் ஒன்றிரண்டு தடவை, 9 முதல் 12 மாதம். அடிவரை போயிருந்தால் டெர்பினாஃபின் 250 மி.கி. வில்லை, நாளுக்கு ஒன்று, 12 வாரம்; ஈரல் பரிசோதனை செய்துகொண்டு. இட்ராகொனசோல் இன்னொரு வழி, ஆனால் இதயப் பலவீனம் உள்ளவருக்கும் கொலஸ்ட்ரோலுக்குச் சிம்வாஸ்டட்டின் எடுப்பவருக்கும் ஆகாது. தடித்த நகமெல்லாம் பங்கஸ் அல்ல என்பதால் வில்லைக்கு முன் நகத்துண்டைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். மருந்து முடிந்தும் நகம் அசிங்கமாகவே இருக்கிறது என்று பதறாதீர்கள். கால் நகம் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீற்றர்தான் வளரும்.

சீனி வருத்தக்காரர், கால் வீங்கிச் சிவப்பு மேலே ஏறுபவர், காய்ச்சல் உள்ளவர் டியூப் தேடி நேரம் கடத்தக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. வெடித்த இடுக்கோடு வயல் தண்ணீரில் இறங்குபவருக்கு எலிக்காய்ச்சல் கிருமியும் அதே வழியாகத்தான் வரும்.

எந்தக் கிறீமானாலும் பூசும் முறை ஒன்றே. சவர்க்காரம் போட்டுக் கழுவி, காலுக்கென்று வைத்த தனித் துவாயால் ஒவ்வொரு இடுக்கையும் ஒற்றி, ஐந்து நிமிடம் காற்றாட விட்டு, புண்ணைத் தாண்டி இரண்டு சென்றிமீற்றர்வரை மெல்லியதாகத் தேய்க்க வேண்டும். வெள்ளையாக அப்பி வைத்தால் ஈரம்தான் கூடும். சப்பாத்து இரண்டு சோடி இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள். ஒன்றுதான் என்றால் இரவில் உள்தட்டை உருவி, பழைய பத்திரிகைத் தாளை அடைத்து வையுங்கள்.