‘கடலிலிருந்து மலைக்கு’ சைக்கிள் பயணம்: பணம் கட்டும் முன் பாதைக் கோப்பைத் திறந்து பாருங்கள்

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், தொண்டி பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். அரிச்சல்முனையில் கிளம்பி மதுரை, வத்தலக்குண்டு, கொடைக்கானல் வழியாக மூணாறு வரை ஐந்து நாள் பயணம் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் ஆள் சேர்த்தார். தலைக்கு 7,500 ரூபாய். வழிகாட்டி, பைகளை ஏற்றிவர வேன், இரவு தங்கல், ‘பலமுறை ஓட்டிச் சரிபார்த்த பாதை’ எல்லாம் அதில் அடக்கம் என்றார். பதினான்கு பேர் கட்டினோம். நான்காம் நாள் காலையில் பயணம் கொடைக்கானலோடு நின்றுபோனது. பணம் இன்றுவரை வரவில்லை. அதே ஆள் அடுத்த பயணத்துக்கு மறுபடியும் விளம்பரம் போட ஆரம்பித்துவிட்டார். புகார் நடப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர் விற்ற பாதையில் என்ன கோளாறு, அதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பெரிய ஏமாற்று நான்காம் நாள் பாதைதான். கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரி, அங்கிருந்து டாப் ஸ்டேஷன், பிறகு மூணாறு என்று அவர் தந்த பயணத் தாளில் இருந்தது. வரைபடத்தில் பார்த்தால் மலைமேலேயே போகிற அழகான கோடு. எஸ்கேப் ரோடு என்று சொல்லும் பழைய பாதை அது. பல ஆண்டுகளாக அதில் பொதுமக்கள் போக்குவரத்து கிடையாது. வனத்துறை அனுமதி இல்லாமல் பேரிஜத்துக்கே போக முடியாது. ஏரியைத் தாண்டி மூணாறு பக்கம் யாருக்கும் வழி விடுவதில்லை. இந்தப் பக்கம் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம், கேரள எல்லையைத் தாண்டினால் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா. சாவடியில் இருந்த வனக்காவலர், “அண்ணே, இந்த வழியில யாரையும் விடுறதில்ல. உங்களக் கூட்டிட்டு வந்தவருக்கு இது தெரியாதா?” என்றுதான் கேட்டார். வழிகாட்டி என்று வந்த தம்பிக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

கொடைக்கானலிலிருந்து மூணாறு போக வேண்டுமானால் வந்த வழியே மலையடிவாரத்தில் இருக்கும் காட்ரோடு வரை இறங்கி, தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி, போடி போய், போடிமெட்டில் மறுபடி சுமார் 1,000 மீட்டர் ஏறி, பூப்பாறை, தேவிகுளம் வழியாகத்தான் போக வேண்டும். 150 கிலோமீட்டருக்கு மேல் வரும். தாளில் போட்டிருந்தது 85.

அந்தப் பாதையை யாரும் ஓட்டவில்லை என்பது அவர் அனுப்பிய ஜிபிஎக்ஸ் (GPX) என்னும் பாதைக் கோப்பிலேயே இருந்தது. கோப்பை வரைபடச் செயலியில் மட்டும் திறந்தால் கோடுதான் தெரியும். போனில் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்து பாருங்கள். ஓட்டிப் பதிவு செய்த கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், அதன் கீழே தேதியோடு நேரம் என்று வரிசையாக இருக்கும். இவர் அனுப்பியதில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நேரம் என்பதே இல்லை. கணினியில் இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டி வரையவைத்த கோடு அது. சில தளங்கள் கோப்பைத் தரும்போது நேரத்தை நீக்கிவிடுவது உண்டு. அதனால் இதை மட்டும் வைத்து ஒருவரைப் பொய்யர் என்று சொல்லிவிட வேண்டாம். கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆள் ஓட்டிய பதிவில் டீக்கடையில் நின்ற இடத்தில் புள்ளிகள் எறும்பு மொய்த்த மாதிரி கூடிக் கிடக்கும், கொண்டை ஊசி வளைவில் கோடு ரோட்டை விட்டுக் கொஞ்சம் விலகியிருக்கும். வரைந்த கோடு ரோட்டின் நடுவிலேயே அச்சடித்த மாதிரி போகும். சந்தேகம் வந்தால், “நீங்கள் ஓட்டிய நாளின் பதிவை அனுப்புங்கள்” என்று கேளுங்கள். ஓட்டியவரிடம் அது இருக்கும். வனப்பகுதி வழியாகப் போகும் பாதை என்றால் அந்தக் கோட்ட வன அலுவலகத்துக்கு நீங்களே ஒரு போன் போடுங்கள். குரங்கணியில் 2018 மார்ச் 11-ல் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க முடியாது. அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் காட்டுக்குள் எவர் பின்னாலும் போகாதீர்கள்.

மூன்றாம் நாளும் மோசம்தான். மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு 120 கிலோமீட்டர், மணிக்கு 15 வீதம் எட்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டிருந்தார். இது கீழக்கரை, சாயல்குடி மாதிரி சமதளத்துக்குப் பொருந்துகிற கணக்கு. காட்ரோட்டில் திரும்பினால் அடிவாரம் சுமார் 300 மீட்டர் உயரம், கொடைக்கானல் சுமார் 2,100. ஐம்பது கிலோமீட்டரில் 1,800 மீட்டர் ஏற வேண்டும். ஆளும் சைக்கிளும் பையும் சேர்ந்து 90 கிலோ என்று வையுங்கள். நிதானமாக நாள் முழுக்க மிதிக்கிறவரின் கால் 120 வாட் அளவுக்குத்தான் கொடுக்கும். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். டயர் உராய்வு, தண்ணீர் குடிக்க நிற்பது, மூச்சு வாங்குவது எல்லாம் சேர்த்தால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. அதற்கு முன்பே வெயிலில் 70 கிலோமீட்டர் ஓட்டியிருப்போம். மலைச்சாலையில் ஊத்து என்ற ஊரைத் தாண்டுவதற்குள் இருட்டிவிட்டது. அங்கிருந்து மேலே மூடுபனி, சாலையோரம் காட்டுமாடுகள்.

நம் பக்கத்துக்காரர்கள் கச்சான் காற்றை எதிர்த்து மிதித்துப் பழகியவர்கள், அதனால் மலை ஒன்றும் செய்யாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. இது தவறு. எதிர்காற்றில் முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகலாம், மாறி மாறி முன்னே வரலாம். மணிக்கு 6 கிலோமீட்டரில் ஏறும்போது யார் பின்னால் போனாலும் பயனில்லை, உங்கள் எடையை நீங்களேதான் தூக்க வேண்டும். நமக்குப் பழக்கமான ஏற்றம் பாம்பன் பாலம் ஒன்றுதானே.

கியரைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வார்த்தை இல்லை. ‘எந்த சைக்கிளும் போதும்’ என்றார். முன்பக்கச் சிறிய சக்கரத்தின் பல்லை எண்ணி, பின்பக்கப் பெரிய சக்கரத்தின் பல்லால் வகுங்கள். 7 சதவீத ஏற்றத்தில், மேலே சொன்ன எடைக்கும் வலுவுக்கும், மணிக்கு சுமார் 6 கிலோமீட்டர்தான் போக முடியும். முன்னால் 39, பின்னால் 25 என்றால் நிமிடத்துக்கு 32 சுற்றுதான் மிதிக்க முடியும், ஒவ்வொரு மிதியிலும் முட்டி பிளக்கும். 34-க்கு 34 என்றால் 50 சுற்று. 28-க்கு 34 என்றால் 60 சுற்று, இதில்தான் மணிக்கணக்கில் ஏற முடியும். பை ஏற்றிப் போகிறவர்கள் வகுத்த விடை ஒன்றுக்குக் கீழே வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்க கேசட்டை (பல்சக்கர அடுக்கை) மாற்றினால், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் டிரெய்லியர் அந்தப் பல்லைத் தாங்குமா என்று கடையில் கேட்டு, செயின் நீளத்தையும் சரிபார்க்க வேண்டும். பதினான்கு பேரில் ஒன்பது பேர் தள்ளிக்கொண்டுதான் ஏறினார்கள்.

வேன் விஷயம் இன்னும் கோபம் வர வைப்பது. கொடைக்கானலுக்கு வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பது 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைக்கூட எடுக்காமல் வேனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். ஸ்வெட்டர், மாற்றுத்துணி, மாத்திரை எல்லாம் வேனில். டிசம்பர் இரவில் அங்கே குளிர் பத்து டிகிரிக்குப் பக்கம் போகும். வேர்வையில் நனைந்த பனியனோடு கடற்கரை ஆட்கள் அதில் நின்றால் கை விறைத்து பிரேக் பிடிக்க வராது. வேனின் நம்பர் பலகையும் வெள்ளை, அதாவது சொந்த உபயோக வண்டி. வாடகைக்கு ஓட்டியபோது விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கும். பணம் கட்டும் முன் வண்டி எண், மஞ்சள் பலகையா, இ-பாஸ் எடுத்தாயிற்றா, கேரளத்துக்குள் போக பெர்மிட் உண்டா, நான்கையும் கேட்டு வாங்குங்கள். பிறகும் ஒரு மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை, கையுறை, விளக்கு இவற்றை உங்கள் சைக்கிளிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கத்தில்தான் நம் சைக்கிள்களின் உப்பு வெளியே வந்தது. பிரேக் பிடியை முழுக்க அமுக்கி, ஒயரின் உருண்டைத் தலை உட்காரும் குழியை டார்ச் அடித்துப் பாருங்கள். தலைக்கு அடியில் கால் அங்குலத்துக்குள் செம்பொடி படிந்திருக்கும், உற்றுப் பார்த்தால் ஒன்றிரண்டு புரி அறுந்து முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். வெளியே உறை பளபளவென்று இருந்தாலும் அறுவது அங்கேதான். ஒரு புரி போயிருந்தாலும் ஒயரை மாற்றிவிடுங்கள், விலை மிகக் குறைவு. டம்டம் பாறைக்கு மேலே ஒருவருக்கு முன் பிரேக் ஒயர் இப்படித்தான் அறுந்தது, வேகம் குறைவாக இருந்ததால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. பிரேக் கட்டைகளும் உப்புக்காற்றில் காய்ந்து கெட்டியாகிவிடும். நகத்தால் அழுத்தினால் தடம் விழாத கட்டை இறக்கத்துக்கு ஆகாது. இறங்கும்போது தொடர்ந்து அமுக்கிக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று, ரிம்மைத் தொடாமல் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் ஊரிலேயே விட்டுவிட வேண்டும். வெயிலுக்கும் காற்றுக்கும் பயந்து நாம் நான்கு மணிக்கே கிளம்புவோம். மலையில் விடியும் முன்னும் அந்தி சாய்ந்த பிறகும் காட்டுமாடும் யானையும் ரோட்டுக்கு வரும் நேரம். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கிளம்பி, மாலை 4 மணிக்குள் தங்குமிடம் சேர்வது போலத் தூரத்தைக் குறையுங்கள்.

போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை ஏறிப் பாருங்கள். 18 கொண்டை ஊசி வளைவு, ஒரே நாளில் ஏறி இறங்கிவிடலாம், கியரும் பிரேக்கும் போதுமா என்று அங்கேயே தெரிந்துவிடும். கொடைக்கானல் என்றால் மதுரையிலிருந்து வந்து வத்தலக்குண்டில் இரவு தங்கி, மறுநாள் ஏற்றம் மட்டும். மூணாறு என்றால் தேனி வழியாகப் போடியில் தங்கி, காலையில் போடிமெட்டு. அது தேசிய நெடுஞ்சாலை, அனுமதிச் சிக்கல் இல்லை. பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாகக் கொடைக்கானல் ஏறும் குறுக்குப்பாதையை மழைக்காலத்தில் நம்ப வேண்டாம், மண் சரிந்து அடைபடும்.

ஏற்கெனவே இவரிடமோ இவரைப் போன்றவரிடமோ பணம் கட்டியவர்கள் யுபிஐ பரிமாற்றத்தின் படம், விளம்பரம், பாதைக் கோப்பு, பேச்சுப் பதிவு எதையும் அழிக்காதீர்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ராமநாதபுரத்திலேயே முடியும். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அவர் எங்களிடம், “முன்பணம் திரும்பாது என்று விதியில் இருக்கிறது” என்றார். சொன்ன சேவையைத் தராதவருக்கு அந்த ஒரு வரி காப்பாகாது என்பதுதான் எங்கள் மனுவின் முதல் பத்தி. மனுவின் படி வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறோம்.