தொலைவிலிருக்கும் டாக்டர், ஆம்புலன்ஸில் வலி மருந்து: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

ஆம்புலன்ஸ் ஊழியர்கள் தொலைவிலிருக்கும் டாக்டரிடம் வீடியோவிலும் குரலிலும் பேசும் ஏற்பாடு இது. வண்டியில் டாக்டர் இல்லாமலே, அவர் உத்தரவின் பேரில் மார்ஃபின், ஃபென்டனில், கெட்டமின் போன்ற கடும் வலி மருந்துகளைக் கொடுக்க முடிவதுதான் இதன் பெரிய பலன். ஜெர்மனியின் ஆஹன் நகரில் 2014 முதலே இது அன்றாட சேவை. நெடுநாள் பயன்படுத்திய பிறகு சொல்வது: வீடியோவைவிடக் குரல்தான் முக்கியம். படம் உறைந்து நின்றால் சமாளிக்கலாம். பேச்சு விட்டுவிட்டுக் கேட்டால் மருந்தைத் தொடக் கூடாது. சைரன் சத்தத்தில் ஸ்பீக்கர் போன் உதவாது, ஹெட்செட் வேண்டும்.

டாக்டரைக் கூப்பிடும்போதே வலி 0 முதல் 10-க்குள் எத்தனை, பி.பி., நாடி, மூச்சு எண்ணிக்கை, எடை, ஒவ்வாமை எல்லாம் கையில் இருக்கட்டும். எடை கண்மதிப்பு என்றால் அப்படியே சொல்லிவிடுங்கள்.

அதிகம் தடுமாறுவது மி.கி.க்கும் மி.லி.க்கும் நடுவில்தான். 10 மி.கி. மார்ஃபின் உள்ள 1 மி.லி. ஆம்பூலில் சலைன் சேர்த்து 10 மி.லி. ஆக்கினால், 1 மி.லி.யில் 1 மி.கி.; கணக்கு எளிது. கெட்டமின் அப்படியில்லை. 1 மி.லி.யில் 50 மி.கி. உள்ள குப்பியும் உண்டு, 10 மி.கி. உள்ளதும் உண்டு. 60 கிலோ ஆளுக்குக் கிலோவுக்கு 0.2 மி.கி. வீதம் 12 மி.கி. என்றால், முதலாவதில் 0.24 மி.லி., இரண்டாவதில் 1.2 மி.லி. குப்பி மாறினால் ஐந்து மடங்கு தவறு. லேபிளைக் கேமராவுக்குக் காட்டுங்கள். வீடியோ உண்மையிலேயே உதவும் இடம் இதுதான்.

டாக்டரின் உத்தரவை ஊழியர் இப்படித் திருப்பிச் சொல்ல வேண்டும்:

"மார்ஃபின் 2 மி.கி., நரம்பு வழியா, மெதுவா."

"மார்ஃபின் 2 மி.கி., சிரிஞ்சில் 2 மி.லி., நரம்பு வழியா. சரிங்களா டாக்டர்?"

"சரி, கொடுங்க."

அந்தக் கடைசிச் 'சரி' காதில் விழாவிட்டால் ஊசி போகக் கூடாது. லைன் அறுந்தால், டாக்டர் கடைசியாக உறுதி செய்த டோஸோடு நிறுத்த வேண்டும் என்று முன்பே பேசி வைப்பது நல்லது.

கொடுத்த பின் 5 நிமிடம் பொறுத்து வலியை மறுபடி கேட்டு, அதன்பிறகே அடுத்த டோஸ். அதுவரை டாக்டர் லைனிலேயே இருக்கட்டும். ஆக்சிஜன் வைத்திருக்கும் நோயாளிக்கு மூச்சு குறைந்தாலும் விரல் கிளிப்பில் காட்டும் ஆக்சிஜன் அளவு இறங்கத் தாமதமாகும். மானிட்டரில் தெரியும் மூச்சுக்காற்றின் கார்பன் டை ஆக்சைடு அலைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். மார்ஃபின், ஃபென்டனில் விளைவை முறிக்கும் நலாக்சோன் 0.4 மி.கி. ஆம்பூல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பெரிய குறை, தாமதமாகக் கூப்பிடுவது. உடைந்த இடுப்போடு ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போதுதான் வலி உச்சத்துக்குப் போகும். அதைத் தாங்க வைத்துவிட்டு வண்டிக்குள் போய் அழைப்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். படிக்கட்டிலும் அடித்தளத்திலும் சிக்னல் அறுந்துபோகும் என்பதால், தூக்குவதற்கு முன்பே, சிக்னல் கிடைக்கும் இடத்தில் பேசி முடியுங்கள். வாய்விட்டு அழாத முதியவர்களிடம் வலி எண்ணைக் கட்டாயம் கேட்டுச் சொல்லுங்கள். அவர்கள் பல்லைக் கடிப்பது அந்தப் பக்கம் டாக்டருக்குக் கேட்காது.